பிள்ளையாருக்கு யார் ஊசி போட்டது?

1

ஆறுச்சாமி தரையில் கிடந்தார்.

அசைவில்லை!

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மாரியாத்தாளின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. வேலாத்தாள் பம்ப்ஸ் கம்பெனியைப் பல வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். முதலாளியே தரையில் கிடப்பது அவளுக்குப் புது அனுபவம்.

"அய்யோ... சாமீ...! மொதலாளி போய்ட்டாருங்கோ...!"

நியாயமாக இந்த இடத்தில் ஒரு மின்னல் வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பளிச்சென்ற வெயில், பக்கத்து பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாசனை. கோயமுத்தூர் சீதோஷ்ணம் திகில் கதை எழுதுகிறவனுக்கு ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை.

தடதடவென்று எல்லோரும் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவன் கிருபாசங்கர்.

இவன்தான் கதாநாயகன். மன்னிக்கவும், வேறு ஆள் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் செக்‌ஷன் இன்சார்ஜ். அந்த செக்‌ஷனில் இருப்பதே இரண்டு பேர். அவன் மேஜை ட்ராயரில் ஃப்ளாப்பிகளைவிட க்ரைம் நாவல்கள் அதிகம். 'நாம துப்பறிய ஒரு கொலைகூட நடக்க மாட்டேங்குதே' என்று தினமும் ஏங்குகிறவன். அன்றைக்கு அடர் சிவப்பில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.

"தள்ளுங்க...! யாரும் எதையும் தொடக் கூடாது!"

கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள்!

கதவை ஒட்டிய ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது. எதையும் தொடக் கூடாது என்று சொன்னவன், அந்த ஓட்டைக்குள் கையை விட்டான். முழங்கைப் பக்கம் ஏதோ சுரீரென்றது. கதாநாயகர்கள் எறும்புக் கடியையெல்லாம் கவனிப்பதில்லை. எட்டித் தாழ்ப்பாளை விலக்கினான்.

முதலாளிக்கு மூச்சு இருந்தது. பின்மண்டையில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். உடம்பில் ரத்தம் துளிகூட இல்லை.

ஆனால்...

அவரைத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, உடைந்த கண்ணாடியின் விளிம்பில்...

சொட்டுச் சொட்டாக ரத்தம்!

2

இன்ஸ்பெக்டர் அங்கப்பன் அவசரத்தில் இருந்தார். மறுநாள் மத்தியானம் உடுமலைப்பேட்டையில் மச்சினன் வீட்டில் கெடா விருந்து. அதற்குள் கேஸ் முடிய வேண்டும்.

"ஏனுங்க, உங்க மொதலாளிய யாருங்க அடிச்சது?"

"அதக் கண்டுபுடிக்கத்தானுங்க உங்களக் கூப்புட்டோம்" என்றான் கிருபாசங்கர்.

"செரி, செரி. டாக்டரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்காராமா. நாளைக்குத்தான் வாயத் தொறப்பாராமா. கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுங்கறீங்க. அப்பறம் அடிச்சவன் எப்புடீங்க வெளிய போனான்?"

கிருபாசங்கர் இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தே இருந்தான்.

"சிம்பிளுங்க சார்! அடிச்சுப்போட்டு வெளிய வந்திருக்கான். கண்ணாடிய ஒடச்சிருக்கான். ஓட்டைல கைய உட்டு, உள்தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போயிருக்கான். அப்பத்தான் கை கிழிஞ்சிருக்கு. அந்த ரத்தம்... அவனோடதுங்க!"

"அட! அத்தன பாடுபட்டு எதுக்குங்க தாழ்ப்பாள் போடோணும்? சும்மா சாத்தீட்டுப் போலாமல்லங்க?"

"அதுதானுங்க சார் க்ரிமினல் மூளை!"

அங்கப்பனுக்கு விளங்கவில்லை. விளங்காததை வெளியில் காட்டுவதும் வழக்கமில்லை. தலையாட்டிவிட்டு, கண்ணாடித் துண்டைப் பத்திரமாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

கூட்டத்தில் நின்ற கீதா குனிந்து ஜன்னலுக்கு வெளியே தரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் செக்‌ஷனின் இரண்டாவது ஆள் இவள். புள்ளியியல் படித்தவள்.

"ஏனுங்க கிருபா... கண்ணாடித் தூளெல்லாம் வெளிப்பக்கட்டுதான் கெடக்குது. வெளிய இருந்து ஒடச்சா உள்ளதானுங்க விழுகோணும்?"

"கீதா, நீங்க டேபிள் போடற வேலைய மட்டும் பாருங்க."

அவளிடம் அவன் இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்த வார்த்தைகள் வேறு. ஆனால் வாயில் வந்தது இதுதான். காதலில் இவன் துப்பறியும் லட்சணமும் ஏறக்குறைய இப்படித்தான்.

"ஆயுதம் ஏதாவது கெடைச்சுதுங்களா?" என்றார் அங்கப்பன்.

"இல்லீங்க சார். மழுங்கலா, கனமா, உருண்டையா ஏதோ ஒண்ணு. மண்டை வீக்கத்தப் பாத்தே சொல்லிப்போடலாம்!"

மாரியாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு, ஆத்தா" என்றான் கிருபாசங்கர்.

இருந்துவிட்டாள். இருக்காமல் பேசியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து, எனக்கும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுகிற தொல்லை இருந்திருக்காது.

3

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

மறுநாள் காலை. கிருபாசங்கர் ரிசீவரைப் பாய்ந்து எடுத்தான்.

"அங்கப்பன் பேசறனுங்க. ரிசல்ட்டு வந்துருச்சு. கண்ணாடில இருந்த ரத்தம் ஏபி நெகட்டிவ். ரொம்ப அபூர்வமாமா. நூத்துல ஒரு ஆளுக்கு இருந்தா அதிசயங்கறாங்க."

கிருபாசங்கரின் தலைக்குள் மணியடித்தது.

"சார்...! உடனே பொறப்பட்டு வாங்க! குற்றவாளி எங்க சொவத்துலயே இருக்கான்!"

சுவரில் இருந்தது ஓர் அட்டவணை.

போன மாசம் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. மெஷினில் கை மாட்டினால் யாருக்கு என்ன ரத்தம் என்று சட்டெனத் தெரிய வேண்டும், எல்லோர் க்ரூப்பையும் எழுதி மாட்டுங்கள் என்று சொல்லியிருந்தார் ஆறுச்சாமி. கீதா புள்ளிவிவர சாஃப்ட்வேரில் போட்டு, டிபார்ட்மெண்ட் வாரியாக, கட்டம் கட்டி, ஒரு டேபிள் எடுத்தாள். ஃப்ளாப்பியில் கொடுத்துவிட்டு உறவுக்காரர் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டாள்.

மீதி வேலை கிருபாசங்கருடையது. அதை எக்செல்லுக்குக் கொண்டு போனான். போனதும் கட்டத்தைக் காணோம். தலைப்பைக் காணோம். டிபார்ட்மெண்ட் பெயர்களைக் காணோம். ஒரு பத்தியில் பெயர், பக்கத்துப் பத்தியில் ரத்த க்ரூப். மழையில் நனைந்த கோலம் மாதிரி வெறுமனே நின்றன.

விடுவானா? எல்லாவற்றுக்கும் மேலே முதல் வேலையாகப் பிள்ளையார் சுழி போட்டான். அவன் வீட்டில் மளிகைச் சீட்டுக்கே சுழி போடாமல் பருப்பு வராது. பிறகு மஞ்சள் கட்டம், பச்சை பார்டர், கொட்டை எழுத்து. கலர் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேம் போட்டு, உயரமாக மாட்டினான். எல்லோரும் அண்ணாந்து கலரைப் பாராட்டினார்கள். க்ரூப்பை யாரும் படிக்கவில்லை.

அவன் ஒருவன்தான் படித்தான். முகாமில் ஊசியைக் குத்தி எடுத்ததும் மயங்கி விழுந்த ஒரே வீரன் அவன். க்ரூப் எழுதின சீட்டை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை. அதனால் தன் க்ரூப் அவனுக்குச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏ பாசிடிவ். 'நான் எப்பவுமே ஏ க்ளாஸ்' என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இப்போது ஸ்டூல் போட்டு ஏறி, ஏபி நெகட்டிவைத் தேடினான். ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவன் விரல் நின்றது.

சுந்தரராஜுலு!

ஸ்டோர் இன்சார்ஜ்.

கீதாவின் அப்பா!

4

"நானா...? மொதலாளிய நானா அடிச்சேன்...?"

சுந்தரராஜுலு தன்னையே சுட்டிக் காட்டினார். வலது கையில் கட்டுப் போட்டிருந்தார்.

"கையில என்னங்க காயம்?" என்றார் அங்கப்பன்.

"தகரம் கிழிச்சுருச்சுங்க. ஸ்டோர்ல பழைய ரேக்கை நகத்தும்போது..."

"வியாழக்கெழம உங்களுக்கும் மொதலாளிக்கும் சண்டையாமல்லங்க?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. ஸ்டோர்ல கம்ப்யூட்டர் வெக்கோணும்னாரு. வேண்டாமுங்கன்னேன்."

"எப்புடிச் சொன்னீங்க?"

சுந்தரராஜுலு தலை குனிந்தார்.

"என்ற பொணத்தத் தாண்டித்தான் கம்ப்யூட்டர் உள்ள வரோணும்னு... ஒரு வேகத்துல சொல்லிப்போட்டேனுங்க."

"பொணம்ங்கற வார்த்தை வந்திருக்கு சார்!" என்றான் கிருபாசங்கர். சொன்ன உடனே கீதாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

மனசுக்கு இனியவளின் அப்பாவையே ஜெயிலுக்கு அனுப்புகிற ஹீரோ இதுவரை எந்தக் கதையிலும் வந்ததில்லை. என் கதைக்கென்று வந்து வாய்த்தான்.

அங்கப்பன் விலங்கை எடுத்தார். கொங்கு நாட்டில் கைது பண்ணுவதும் மரியாதையாகத்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. காயம் படாத கையக் கொஞ்சம் நீட்டுங்க."

"நைனா...!"

கீதா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"சார், எங்க நைனா ஓ பாசிடிவ். எனக்கு ஆபரேசன் ஆனப்ப அவரு ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்தாரு. எனக்கு நல்லாத் தெரியும்!"

"மகளு அப்பனுக்குப் பரிஞ்சுதான் பேசும் அம்மணி. சொவத்துல இருக்கறது கம்ப்யூட்டர் போட்டதல்லங்க?"

"கம்ப்யூட்டர்ல நான் போட்டதுங்க! அந்த ஃப்ளாப்பியப் பாத்தா தெரிஞ்சுபோகும். கிருபா... என்ற ஃப்ளாப்பி எங்கீங்க?"

கிருபாசங்கர் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினான்.

"அது வந்துங்க... அதுல எடம் பத்தல. ஒரு கேம் ஏத்தறதுக்கு... அழிச்சுப்போட்டேன்."

"என்னது?!"

"நல்ல கேமுங்க..."

கீதாவின் கண்களில் நீர் முட்டியது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. முப்பது வருஷமாக ஒரு ஆணி குறையாமல் ஸ்டோரைக் காத்த மனுஷனை, ஊரே பார்க்க ஜீப்பில் ஏற்றப்போகிறார்கள். வெளியே ஜீப் உறுமியது. அங்கப்பன் வாட்சைப் பார்த்தார். கெடா வெந்துகொண்டிருக்கும் நேரம்.

"ஒரே நிமிசமுங்க சார். அந்த ஃப்ரேமைக் கழட்டுங்க."

"எதுக்குங்க அம்மணி?"

"அதுல நானும் இருக்கேனல்லங்க? என்ற பேருக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு பாக்கோணும்."

5

ஃப்ரேம் மேஜைக்கு வந்தது. கீதா விரல் வைத்துத் தேடினாள்.

"பாருங்க. எனக்கு பி பாசிடிவ்னு இருக்குது. நான் ஏ பாசிடிவ். என்ற ஏ பாசிடிவ் எங்க போச்சு...?"

விரல் ஒரு வரிசை மேலே ஏறியது. கிருபாசங்கர் பெயரில் நின்றது.

"இங்க இருக்குது! என்ற ரத்தத்த நீங்க வெச்சிருக்கீங்க!"

வேறு சமயமாக இருந்தால் இந்த வசனத்துக்குக் கிருபாசங்கர் மூன்று நாள் தூங்கியிருக்க மாட்டான்.

கீதாவின் விரல் இப்போது சரசரவென்று கீழே இறங்கியது. கடைசி வரிசை. மாரியாத்தாள். நேரே... வெற்றுக் கட்டம்!

"இது என்னங்க கிருபா?"

"மாரியாத்தாள் அன்னைக்கு லீவு போலிருக்குன்னு நெனச்சேன்..."

கதவோரம் நின்ற மாரியாத்தாள் துடைப்பத்தை ஓங்கினாள்.

"ஆரு லீவு? வரிசைல நின்னு, குத்தி, பிஸ்கட்டும் தின்னுபோட்டுத்தான் போனேன். எனக்கு ரத்தமே இல்லைன்னு சொவத்துல எழுதி மாட்டியிருக்கியா கண்ணு?"

"சார்" என்றாள் கீதா. "மொதல் வரிசையப் பாருங்க. உச்சில என்ன இருக்குது?"

"பிள்ளையார் சுழிங்க."

"அதுக்கு நேரா?"

அங்கப்பன் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"ஓ... நெகட்டிவ்."

"பிள்ளையாருக்கு யாருங்க சார் ஊசி போட்டது?"

அறை ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியானது. பிள்ளையாருக்குப் போட்ட ஊசி அல்ல, பொதுவான ஊசி.

கீதா கிருபாசங்கரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். திரையில் அதே டேபிள் மஞ்சளும் பச்சையுமாக விரிந்தது.

"சுழி போடறதுக்கு மேல எடம் எப்புடி உண்டாக்குனீங்க?"

"இன்செர்ட் குடுத்தேன்."

"அது ஒரு கேள்வி கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சுங்க. அந்தக் கட்டத்த மட்டும் கீழ தள்ளவா, முழு வரிசையையும் தள்ளவான்னு..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாமி காரியமாச்சேன்னு... கேள்வியப் படிக்காமயே ஓகே குடுத்துப்போட்டேன்."

"பேருக மட்டும் ஒரு படி கீழ எறங்கிப்போச்சு. க்ரூப்பெல்லாம் நின்ன எடத்துலயே நின்னுபோச்சு!"

அங்கப்பன் வாயைப் பிளந்தார்.

"அப்ப... இந்தக் கம்பெனில அத்தன பேருக்கும் அடுத்தவன் ரத்தமுங்களா?!"

"ஆமாங்க சார். மொதலாளியோடது பிள்ளையாருக்குப் போயிருச்சு. கிருபா, அந்தச் சுழி இருக்கற கட்டத்த எடுங்க. பேருக மேல ஏறட்டும்."

"சுழிய அழிக்கறதுங்களா... சாமி குத்தம்..."

"கிருபா!"

அழுத்தினான்.

பெயர்கள் எல்லாம் ஒரே துள்ளாக ஒரு படி மேலே ஏறின. ஆறுச்சாமிக்கு ஓ நெகட்டிவ் வந்தது. கீதாவுக்கு ஏ பாசிடிவ் வந்தது. சுந்தரராஜுலுவுக்கு ஓ பாசிடிவ் வந்தது.

"எனக்கு வந்துருச்சா?" என்றாள் மாரியாத்தாள்.

"வந்துருச்சு ஆத்தா. பி பாசிடிவ்."

"அது வரட்டும் அம்மணி" என்றார் அங்கப்பன். விலங்கு அவர் கையில் ஆடியது. "ஏபி நெகட்டிவ் இப்ப யாருகிட்டப் போச்சு? அவந்தானுங்க குற்றவாளி!"

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். சுந்தரராஜுலுவுக்கு அடுத்த வரிசை.

ஏபி நெகட்டிவ்...

கிருபாசங்கர்!

6

"நா... நானா...?"

"தம்பி, சட்டைக் கைய மடிச்சு உடுங்க. ஆமா, நேத்துப் போட்ட அதே சட்டையா?"

"ராசியான சட்டைங்க..."

மடித்தான். அடர் சிவப்பு முழுக்கைக்குள், முழங்கைக்குக் கீழே, நீளமாக ஒரு கீறல். ரத்தம் காய்ந்து துணியோடு ஒட்டியிருந்தது.

"ஓட்டைல கைய உட்டு... தாழ்ப்பாள..." என்று இழுத்தார் அங்கப்பன். "நீங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க தம்பி. எல்லாத்தையும் செஞ்சது நீங்கதானுங்க! ஆனா போடறதுக்கு இல்ல, தொறக்கறதுக்கு!"

கிருபாசங்கர் தன் ரத்தத்தைப் பார்த்தான். கண்கள் சொருகின.

தொப்!

முகாமில் விழுந்த அதே ஸ்டைலில் விழுந்தான்.

ட்ரிங்... ட்ரிங்...!

கீதா எடுத்தாள். முதலாளி வீட்டம்மா குழந்தையம்மாள்.

"அம்மணி, அவிய கண்ணு முழிச்சுட்டாங்க. பேசறாங்க, இரு..."

அடுத்த நொடி ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது ஆறுச்சாமியின் குரல்.

"யாரு அடிச்சாங்களா? ஒருத்தனும் அடிக்கல! வெள்ளிக்கெழம பூசைக்குக் கதவத் தாழ் போட்டுட்டு, பிள்ளையார் படத்துக்கு மாலை போடலாம்னு அந்தச் சக்கரம் வெச்ச சேர்ல ஏறுனேன். சனியன், உருண்டுருச்சு! கையில இருந்த தேங்காய் பறந்துபோய்க் கண்ணாடிய ஒடச்சுது. அவ்வளவுதான் தெரியும். ராஜுலு எங்க? அவன் சொன்னது செரி. இந்தப் புது சாமானமெல்லாம் வேண்டாம். மொதல்ல அந்தச் சேரைத் தூக்கி வெளிய போடச் சொல்லு!"

அங்கப்பன் நிமிர்ந்தார்.

"அப்ப அந்தத் தேங்காய் எங்கீங்க?"

மாரியாத்தாள் தலையைச் சொறிந்தாள்.

"நேத்தே சொல்ல வந்தேனுங்க. சும்மா இருன்னு போட்டாங்க. வெளிய உருண்டு கெடந்துச்சு. சாமி தேங்கானு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி... சட்னி அரைச்சுப்போட்டனுங்க."

முக்கிய தடயம் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப்பட்டுவிட்டது. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

தண்ணீர் தெளித்ததும் கிருபாசங்கர் எழுந்து உட்கார்ந்தான். எதிரே சுந்தரராஜுலு நின்றார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். இந்த முறை நாவல் வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

"அண்ணா... தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. மன்னிச்சுருங்க."

"மன்னிக்கறதா? என்ற மக முன்னால எனக்கு விலங்கு மாட்டப் பாத்தியேப்பா... நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்திரி. கையக் குடு. ரத்தம் காஞ்சு கெடக்குது, மருந்து போடோணும்."

"நீங்க கம்ப்யூட்டர் வேண்டாம்னது செரிதானுங்க..."

"தப்பு கம்ப்யூட்டர்து இல்லீங்க" என்றாள் கீதா. பஞ்சில் டிஞ்சரை நனைத்து, கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள். அவன் துள்ளினான். "அது கேக்கத்தான் செஞ்சுது. இனிமே சுழி போட்டா முழு வரிசையத் தள்ளுங்க. சாமிய அவருக்குன்னு ஒரு வரிசைல தனியா உக்கார வையுங்க. மனுசங்கள இடிச்சுத் தள்ளீட்டு உக்கார வெக்காதீங்க."

அங்கப்பன் விலங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கெடா விருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கிளம்புகிறவர் திரும்பி, மேஜை மேலிருந்த ஃப்ரேமை எடுத்து அக்குளில் இடுக்கினார்.

"அது முழுக்கத் தப்புங்க சார்! அது எதுக்குங்க உங்களுக்கு?" என்றான் கிருபாசங்கர் பதறி.

"ஸ்டேசன்ல மாட்டி வெக்கோணுமுங்க தம்பி. ஓ நெகட்டிவ் அவசரத்துக்குக் கெடைக்கறதே இல்லைன்னு ஆஸ்பத்திரிக்காரங்க தெனம் பொலம்பறாங்க... தெருவுக்குத் தெரு பிள்ளையாரு ஒருத்தரு உக்காந்திருக்காருன்னு இனி தைரியமாச் சொல்லலாமல்லங்க!"